கலங்காத பாட்டில்

மறுபடியும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சனியன், இன்றைக்கு என்னதான் ஆயிற்று இந்த மண்டைக்கு! அங்கயற்கண்ணி கையிலிருந்த எண்ணும் கருவியைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டு, கண்ணாடித் தட்டை மறுபடி விளக்கின்மேல் கவிழ்த்து வைத்து, லென்ஸுக்குள் குனிந்தாள். ஒரு புள்ளிக்குப் பேனாவால் ஒரு பொட்டு, கட்டைவிரலால் ஒரு அழுத்து. டிக். டிக். அவ்வளவுதான் வேலை. கால்நடை மருத்துவக் கல்லூரியில் மீசை முளைக்காத பையன்கள் அரட்டை அடித்துக்கொண்டே செய்கிற வேலை. இதையே வருஷக்கணக்காகச் செய்து, மற்றவர்கள் எண்ணியதில் தப்புக் கண்டுபிடிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தட்டு முடியவில்லை. மேல்பாதி முடிந்து கீழே வரும்போது எங்கேயோ போய்விடுகிறாள். எங்கே போகிறாள் என்பது அவளுக்கே தெரியும். தெரிந்துகொண்டே போகிறாள், அதுதான் கொடுமை. பக்கத்து அறையில் பிச்சாண்டி பாட்டில் கழுவுகிற சத்தம் கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் மேல் பழியைப் போடலாமா என்று பார்த்தாள். பாவம் அந்த மனுஷன், அவர் என்ன செய்வார். முதுகு வலித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. உட்கார்ந்தே இருக்கிறோம், வலிக்காதா பின்னே? எல்லோருக்கும்தான் வலிக்கிறது. டிக். இந்த மாதத்தில் முதுகு வலிக்கும் என்று அத்தைகூடச் சொன்னாள். டிக். ஆனால் அத்தை இந்த அறைக்குள் வந்ததில்லையே. சரி, இப்போது எண்ணினது எத்தனை?

இந்த அறையில் என்ன நடக்கிறது என்று வெளியே கேட்டால், மாட்டுக்கு ஊசி மருந்து செய்கிறார்கள் என்பார்கள். சரிதான். கிடாரிக் கன்றுகளுக்கு ஒரு தடவை போட்டுவிட்டால், அது வளர்ந்து சினை பிடித்து நிற்கும்போது குறைமாதத்தில் கன்று வீசாது. கன்று வீசவைக்கிற அந்தக் கிருமியையே பலவீனப்படுத்தி, உயிரோடு உலர்த்தி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைப்பதுதான் மருந்து. உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். செத்த கிருமியைப் போட்டுப் பிரயோஜனமில்லை. ஆகவே ஒவ்வொரு தொகுதியும் வெளியே போவதற்கு முன்னால் அதில் கொஞ்சம் எடுத்து, கரைத்து, தட்டில் இருக்கிற மீடியத்தின் மேல் தடவி, சூட்டில் வைத்து, எத்தனை உயிர் முளைக்கிறது என்று எண்ண வேண்டும். மீடியம் என்றால் வேறொன்றுமில்லை, கிருமிக்குப் போடுகிற சோறு. பழைய மீடியத்தை இங்கேயே காய்ச்சுவார்கள். உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாறு, கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம், இன்னும் நாலைந்து சாமான். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கையெல்லாம் கிழங்கு வாடை. புதியது டப்பாவில் வருகிற பொடி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்தால் தீர்ந்தது. "ரெடிமேட் ரசப்பொடி மேடம்" என்று பிச்சாண்டிதான் அதற்குப் பேர் வைத்தார். இரண்டிலும் ஒரே மருந்தைத் தடவி, எதில் எத்தனை வளர்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள். துணை இயக்குநர் தேவசகாயம் சார் காலையிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "என்னம்மா, புதுசு தேறிடுமா?" தேற வேண்டும் என்று அவருக்கு ஆசை. சீரம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது, ஆளும் இல்லை. ஆனால் அவருடைய ஆசையெல்லாம் ஒரு ஆசையா? புது மீடியம் தேற வேண்டும் என்று இந்தக் கட்டிடத்தில் யாராவது ஒரு ஆள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது அங்கயற்கண்ணிதான். தேறிடும்மா, தேறிடு. பரீட்சை எழுதப்போகிற பிள்ளையிடம் சொல்வதுபோல் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

ஏனென்றால் அவளுடைய ரத்தம் புது மீடியத்தில்தான் இருக்கிறது. சுவரோரம் நிற்கிற இன்குபேட்டரில், அந்தச் சூட்டுப் பெட்டியில், கீழ்த்தட்டில், கடைசி வரிசையில், மற்ற பாட்டில்களுக்குப் பின்னால், மாட்டுக் காதில் மாட்டுகிற வில்லை எண் மாதிரி ஒரு எண் எழுதி ஒட்டிய பாட்டில். கிடாரி என்று வேறு எழுதியிருந்தாள். எழுதும்போது சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பே பயமாக இருந்தது. தானே எடுத்த ரத்தம். மாட்டுக் கழுத்தில் கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடிக்கிற கை, தன் முழங்கை மடிப்பில் இரண்டு தடவை தவறியது. ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கதவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, சே, திருடி மாதிரி. பழைய மீடியத்து பாட்டிலில் ஒன்று குறைந்தால் கேள்வி வரும், அது அளந்து காய்ச்சுவது. புதியது கம்பெனிக்காரன் பார்க்கச்சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது, கேட்பாரில்லை. அதனால் அதில் போட்டாள். அன்றைக்கு அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. காலையில் வந்ததும் முதல் காரியம் அந்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது. கீழே படிந்த சிவப்புக்கு மேலே திரவம் தெளிந்திருக்கும். கிருமி இருந்தால் கலங்க வேண்டும். கலங்கவில்லை. நேற்றும் கலங்கவில்லை. இன்றைக்கும் கலங்கவில்லை. அப்பாடா என்று பாட்டிலை வைத்துவிட்டு, பையிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துத் தின்று, வாந்தி வராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். இந்தச் சந்தோஷத்தில்தான் இத்தனை நாள் ஓடிற்று. சாயங்காலம் ஆனால் மட்டும் சந்தோஷம் கொஞ்சம் ஆட்டம் காணும். வெயில் இறங்கும்போது உடம்பு சில்லென்று ஆகி, அப்புறம் காந்தி, விடியும்போது தலையணை நனைந்திருக்கும். உண்டாகியிருக்கும்போது உடம்பு சூடாகத்தான் இருக்கும் என்று எங்கேயோ படித்தாள். எங்கே படித்தாள்? படித்தாளா, அல்லது அவளே சொல்லிக்கொண்டாளா?

மருந்துக் குப்பியின், ஆம்பூலின், கழுத்து சரியாக உடையவில்லை, அவ்வளவுதான் நடந்தது. தினம் உடைக்கிறதுதான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சுற்றிக்கொண்டு, கீறின இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு நொடிப்பு. அன்றைக்கு அது நொடிக்காமல் நொறுங்கிற்று. உள்ளேயிருந்த வெள்ளைப் பொடி புஸ்ஸென்று ஒரு புகைபோல எழும்பி அடங்கியது. முகத்துணி இருந்ததா? இருந்தது. மூக்குக்கு மேலேயா, கீழேயா? இந்த இடத்துக்கு வந்தால் அவள் நினைப்பு நின்றுவிடுகிறது. மசக்கையில் மூச்சு முட்டுகிறது என்று கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தாள், அது ஆம்பூலுக்கு முன்னாலா பின்னாலா? முன்னால் என்று ஒரு நாள் தோன்றும். பின்னால் என்று சத்தியம் பண்ணுவாள் மறுநாள். எத்தனை தடவை அந்தக் கையை அந்த ஆம்பூலுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பாள்! ஒவ்வொரு தடவையும் முகத்துணி ஒரு இடத்தில் இருக்கிறது. டிக். இது கிருமி முளைத்த காலனியா, வெறும் கீறலா? லென்ஸைச் சரிபண்ணினாள். கீறல் மாதிரிதான் இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு மினுக்கு தெரிகிறதே? பொட்டு வைத்தாள். டிக். பலவீனப்படுத்திய கிருமிதானே, மாட்டுக்குத்தானே என்பார்கள். மாட்டுக்குத்தான் அது பலவீனம். ஆளுக்குள் போனால் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் உட்கார்ந்துவிடும். மாட்டின் கருப்பையைத் தேடிப் போகிற கிருமி இன்னொரு கருப்பையைப் பார்த்தால் மரியாதையாக வழிவிட்டுப் போய்விடுமா என்ன? அதனால்தானே வாசல் கதவில் சிவப்புப் பெயின்டில் எழுதிவைத்திருக்கிறது, கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று. தினமும் அந்தக் கதவை அந்த எழுத்தின் மேலேயே கை வைத்துத் தள்ளிக்கொண்டுதானே உள்ளே வருகிறாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சார், எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. அவ்வளவுதான், மறுநாளே கோழி மருந்துப் பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள், பேச்சே கிடையாது. ஆனால் அதற்குச் சொல்ல வேண்டுமே! பிரிவு மாறினால் காரணம் என்ன என்று வாட்ச்மேன்வரைக்கும் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் பிரிவு மாறுகிறவளுக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? மதுரையிலிருந்து அத்தை போனில் அழுதுகொண்டே சிரித்தாள். "கயலு, நல்லா கேட்டுக்க. மூணு மாசம் முடியுற வரைக்கும் ஒருத்தருகிட்டயும் வாயத் தொறந்துறாத. ஆபீசுல, அக்கம்பக்கத்துல, ஒன் அம்மா வீட்டு ஆளுகளுக்குக்கூட வேணாம். போன தடவ என்னா ஆச்சு?" போன தடவை. போன தடவை வேறு ஊரில், வேறு வேலையில் இருந்தாள். தெரிந்த அன்றைக்கே வாயெல்லாம் பல்லாக எல்லோரிடமும் சொன்னாள். ரெண்டாம் மாதக் கடைசியில் போய்விட்டது. போனதைவிட அதற்கு அப்புறம்தான் தாங்க முடியவில்லை. சொன்னவர்களிடமெல்லாம் திரும்பவும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கேள்விப்படாத ஒருத்தி காரிடாரில் பார்த்து, "இப்ப எத்தனாவது மாசம்?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கண்ணை அவள் மறக்கவில்லை. ஆகவே அத்தை சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியவில்லை. தள்ள மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கியவள், கண்ணுக்குத் தெரியாததை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள், கண்ணுபட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். முழு நியாயத்தோடு மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, முகத்துணி போட்டுக்கொண்டு, ஜாக்கிரதையாக இருந்தால் என்ன ஆகிவிடும். அவர்கூட, பரமானந்தம், மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிறவர்களை மேய்க்கிற மனுஷன், "அம்மா சொல்றதைத்தான் கேளேன் கயலு, என்ன கெட்டுப்போச்சு" என்றார். அவருக்கு அந்தக் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் அன்றைக்கே ஆபீசுக்கு வந்து நின்றிருப்பார்.

"இன்னா மேடம், ஒரே பிளேட்ட வச்சுக்கினு தவம் பண்றீங்க?" பிச்சாண்டி கதவருகில் ஈரக்கையோடு நின்றார். வேலூர்ப் பக்கத்து ஆள், இந்தப் பிரிவின் உதவியாளர், இங்கேயே தலை நரைத்தவர். "ஒன்னும் இல்ல பிச்சாண்டி, வெளிச்சம் சரியில்ல." "மூஞ்சி வெளுத்துக்கீதே மேடம். ஜொரம் கிரம் இருந்தா ரத்தம் பாத்துருங்க. நம்மளுது தான் எப்பப் பாத்தாலும் கட்டி கட்டுமே!" என்று அவரே சிரித்துக்கொண்டார். அது இந்தப் பிரிவின் பழைய வேடிக்கை. ஒரு சொட்டு ரத்தநீரும் ஒரு சொட்டுச் சாயமருந்தும் கலந்தால் கிருமி பட்டவர்களுக்குத் திரிதிரியாகத் திரளும். இங்கே ரொம்ப நாளாக இருப்பவர்கள் எல்லோருக்கும் திரளும். பிச்சாண்டிக்கு, சாருக்கு, அவளுக்கும்தான், போன வருஷமே திரண்டது. எப்போதோ பட்டு எப்போதோ போனதற்கும் அது திரளும். ஆகவே அதை வைத்து இப்போது உள்ளே இருக்கிறதா என்று சொல்ல முடியாது. வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஊருக்குள் இருக்கிற லேபில் போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கே இருக்கிறவன் பரமானந்தத்துக்குப் பங்காளி முறை. ஊசி குத்துவதற்கு முன்னால் மதுரைக்குச் சேதி போய்விடும். "டீ வாங்கியாரட்டா?" "வேணாம், அப்புறம்." பிச்சாண்டி போனார். பாட்டில் சத்தம் மறுபடி தொடங்கியது. அவர் என்ன நினைத்திருப்பார்? மூஞ்சி வெளுத்துக்கீதே என்றாரே, வேறெதையாவது மோப்பம் பிடித்துவிட்டாரா? நாலு பெண்ணைப் பெற்ற மனுஷன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கை சில்லென்று இருந்ததா, கன்னம் சுட்டதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தட்டு முடிந்தது. எண்ணைப் பார்த்தாள். பரவாயில்லை, அப்படி ஒன்றும் மோசமில்லை என்று தோன்றியது. அடுத்த தட்டு. அதுவும் அதே மாதிரி. நீர்த்துளியைவிடச் சின்னதாக, சிணுங்கிக்கொண்டு முளைத்த புள்ளிகள். மெதுவாக வளர்கிற ஜாதி, இன்னும் ஒரு நாள் விட்டால் பெரிசாகும் என்று தனக்குத்தானே சொன்னாள். மூன்றாவது தட்டில் ஒரு காற்றுக்குமிழிக்குப் பொட்டு வைத்துவிட்டு, டிக் என்று அழுத்தும்போது அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. குமிழி என்று தெரியும். குமிழியைக் காலனி என்று எண்ணுகிற டிரெயினிங் பையனை எழுந்து நிற்கவைத்துக் கேட்பாள் அவள், என்னடா இது, உங்க அப்பன் வீட்டுக் காலனியா என்று. பேனாப் பொட்டைப் பஞ்சால் துடைத்தாள். சற்று முன்னால் முதல் தட்டில் அந்தக் கீறல்? அதையும் எடுத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இன்னும் நாலைந்து பொட்டுகள் சந்தேகமாகத் தெரிந்தன. அட கடவுளே, எத்தனை கீறலுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன்! வளராததை வளர்ந்தது என்று எண்ணிவிட்டால் பரவாயில்லை, ஆனால் இந்த மீடியம் வளர்ந்திருக்க வேண்டியதை வளர்க்காமல் விட்டுவிட்டு, இல்லை என்று காட்டினால்? நல்ல மருந்தைக் கெட்டது என்று கொட்டுவார்கள். இன்னொரு பக்கம், சேரக் கூடாத கிருமி மருந்தில் சேர்ந்திருந்தால், அதையும் இல்லை என்று காட்டும். இதையெல்லாம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவள் வருஷாவருஷம் சொல்கிறாள். வளரலைன்னா இல்லைன்னு எழுதாதீங்க, வளரலைன்னு மட்டும் எழுதுங்க என்று. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. வயல்வெளிக் கொட்டகை ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாடு கன்று வீசிவிட்டது என்று கூப்பிட்டார்கள். சினைமாடு, ஏழாம் மாதம். வைக்கோலின்மேல் ஈரமாக அது கிடந்தது. மாடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தீனி தின்றுகொண்டிருந்தது. மாட்டுக்காரம்மா அவளைப் பார்த்து, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமா டாக்டரம்மா?" என்று கேட்டாள். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தெரிஞ்சிருந்தா பார்த்திருக்கலாம்" என்று ஏதோ சொல்லிவைத்தாள். அந்தப் பொம்பளை அதை நம்பி ராத்திரியெல்லாம் அழுதிருப்பாளே என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

பழைய மீடியத்துத் தட்டுகள் இன்னும் அடுக்கு கலையாமல் இருந்தன. வேண்டுமென்றேதான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை முதலில் பார்த்துவிட்டால் புதியதை எண்ணும்போது கண் ஓரவஞ்சனை செய்யும் என்று ஒரு நியாயம். நியாயமாவது மண்ணாங்கட்டியாவது. பயம். இன்குபேட்டரிலிருந்து எடுக்கும்போதே தட்டின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது, பட்டும் படாததுபோல அடுக்கிவைத்தாள். இப்போது மேலே இருந்ததை எடுத்துக் கவிழ்த்தாள். விளக்கைப் போடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்திலேயே தெரிந்தது. தேன் நிறத்தில், உருண்டை உருண்டையாக, பளபளவென்று, தட்டு கொள்ளாமல் கிடந்தது. அதே மருந்து, அதே நாள், அதே கைதான் தடவியது. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். எல்லாம் அப்படியே. புதியதில் நாலில் ஒரு பங்குகூட முளைக்கவில்லை. தட்டு காய்ந்துபோயிருக்குமோ? இல்லை. தடவியதில் பிசகோ? ஒரு தட்டில் பிசகலாம், எல்லாத் தட்டிலுமா பிசகும்? பொடி பழசோ? டப்பா போன மாதம்தான் உடைத்தது. ஒவ்வொரு சாக்காக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். பிறகு எண்ணினாள். இந்தத் தடவை எண்ணிக்கை விட்டுப்போகவில்லை. சனியன், ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை. பொட்டு, டிக், பொட்டு, டிக் என்று கை அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டு போயிற்று. தலைக்குள்ளே ஒரே ஒரு நினைப்புதான் நின்றது. மூன்று பங்கு கிருமியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, ஒன்றும் இல்லை என்று காட்டுகிற சோற்றில்தான் அவள் தன் ரத்தத்தைப் போட்டுவைத்துவிட்டு, கலங்கவில்லை, கலங்கவில்லை என்று தினம் பிஸ்கட் தின்றாள். தட்டில் தடவியபோதே இந்த லட்சணம். ரத்தத்தில் இருப்பது இன்னும் கொஞ்சமாகத்தான் இருக்கும், எப்படி வளரும்? எழுந்து போய் இன்குபேட்டரைத் திறந்தாள். வெதுவெதுவென்று காற்று முகத்தில் அடித்தது. பின்வரிசையிலிருந்து கிடாரியை எடுத்து ஆட்டி, வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிவாகத்தான் இருந்தது. இப்போது கலங்கியிருந்தால் தேவலை என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். கலங்கியிருந்தால் இப்படியா அப்படியா என்று ஒரு முடிவாவது இருக்கும். இது ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாளும் இது ஒன்றுமே சொல்லவில்லை, அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் கை போனது. உள்ளே இருப்பதற்கு இன்னும் நெல்லிக்காய் அளவுகூட இராது. அழக் கூடாது, இந்த அறையில் கண்ணைத் துடைக்கக் கூடாது, கையுறையோடு இருக்கிறாய். எத்தனை நாள், எத்தனை நாளை வீணாக்கிவிட்டேன்! மாத்திரை இருக்கிறது. இந்த நிலையில் எல்லா மாத்திரையும் கொடுக்க மாட்டார்கள், ஆனாலும் ஏதோ இருக்கிறது, சீக்கிரம் தெரிந்தால் இருக்கிறது. கையுறையைக் கழற்றிப் போட்டாள், கையைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள். பிச்சாண்டி ஏதோ கேட்டார். அவள் நிற்கவில்லை.

தேவசகாயம் சார் மேஜையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா. எப்படி?"

"புதுசு தேறாது சார். கால்வாசிகூட வரல."

"அட, என்னம்மா! பிளேட் காஞ்சிருக்கும். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமா?"

"போடலாம் சார். ஆனா நான் போட முடியாது." கழுவின கையின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் இனிமே அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்தக் களைத்த முகம் அப்படியே மலர்ந்தது. "அடி சக்கை!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அம்மா! எவ்வளவு நல்ல சேதி, அதை இப்படி அழுமூஞ்சியோடவா சொல்றது? பிச்சாண்டி! பிச்சாண்டி, இங்க வாங்க. நம்ம மேடம் மாசமா இருக்காங்க. ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கிட்டு வாங்க, நல்ல கடையில." அவள் வாயைத் திறப்பதற்குள் பிச்சாண்டி, "நான் சொல்லல? மூஞ்சிலயே தெரிஞ்சிதே!" என்று கைதட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"சார், சாயங்காலமானா எனக்குக் காய்ச்சல் வருது."

சிரிப்பு அவர் முகத்தைவிட்டு உடனே போகவில்லை. போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "எப்பலேர்ந்து?"

"ஆம்பூல் ஒண்ணு கையில நொறுங்குச்சு. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு."

"எந்த ஆம்பூல்? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"ரத்தம் போட்டுப் பார்த்தேன் சார். கலங்கல. தெளிவாத்தான் இருக்கு."

"எதுல போட்டீங்க?"

"புதுசுல."

"புதுசுல" என்று அவரும் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, நாள் தள்ளினப்பவே ஒரு வார்த்தை…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "மூணு மாசம் முடியட்டும்னு இருந்தீங்களாக்கும். என் சொந்த மக, அவ உண்டானதையே நாலாம் மாசத்துலதாம்மா எனக்குச் சொன்னாங்க. நான் அப்பன்." தானே எழுந்து குளிர் அறைக்குப் போய், பழைய மீடியத்து பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். சில்லென்று இருந்ததை உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். "ஆஸ்பத்திரிக்கு இப்பவே போவோம், என் வண்டியிலேயே. அதுக்கு முன்னாடி இதைப் போட்டுருவோம். ஒரு நாளும் இனிமே வீணாகக் கூடாது. எந்தக் கையிலம்மா எடுக்கட்டும்?"

அவள் இடது கையை நீட்டினாள். அவருக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிட்டது. ரத்தம் ஏறுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசியை உருவி, பஞ்சை வைத்து, பாட்டிலின் ரப்பர் மூடியில் அவர் குத்திச் செலுத்தும்போதே காரிடாரில் கலகலவென்று சத்தம் கேட்டது. பிச்சாண்டி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அவருக்குப் பின்னால் கோழி மருந்துப் பிரிவுப் பெண்கள், கணக்குப் பிரிவுக்காரர்கள், வாட்ச்மேன் என்று வாசல் நிறைய ஆட்கள். "பாத்தீங்களா மேடம், மூச்சு விடவே இல்லையே!" என்று ஒருத்தி செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். பிச்சாண்டி பெட்டியைத் திறந்து நீட்டினார். மேஜைமேல் இருந்த ஊசியைப் பார்த்துவிட்டு, "இப்பவே சுகர் பாக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் தேவசகாயம், பாட்டிலைக் கைக்குள் மறைத்துக்கொண்டு.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கயற்கண்ணி முழங்கையை மடக்கிப் பஞ்சை இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஒரு ஜாங்கிரியை எடுத்துத் தின்றாள்.